மேட்டூர் திறந்த வாரம்

சாவி வாங்கிய மூன்றாம் நாள்
சமையலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது.
எண்ணினேன், நிமிஷத்துக்கு நாற்பது.
அந்த மாதம் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.
கடன் தவணை மொத்தம் இருநூற்று நாற்பது.

வாஷர் மாற்றினால் போதும் என்றார் கடைக்காரர்.
நான்கு அளவில் நான்கு வாங்கினேன்.
ஐந்தாவது அளவுதான் பொருந்தியது.

டெஃப்ளான் டேப்பை எதிர்த்திசையில் சுற்றி
அது நூலாக அவிழ்ந்து வந்த பிறகு
நேர்த்திசை எது என்று தெரிந்தது.
மெயின் வால்வு எங்கே என்று
முகத்தில் தண்ணீர் பீய்ச்சியபின் தேடினேன்:
மாடிப்படிக்கு அடியில்,
பழைய வீட்டுக்காரரின் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால்.
பூஜை அலமாரியைப் பத்து நிமிஷம் காட்டிய மனிதர்
இதைக் காட்டவில்லை.

ஆனி பிறந்து ஒரு வாரத்தில் கக்கூஸ் நின்றது.

ஃப்ளஷ்ஷை அழுத்தினால்
தண்ணீர் விளிம்பு வரை ஏறி
அங்கேயே நின்று யோசித்து
முக்கால் மணியில் இறங்கும்.
ஆசிட் ஊற்றினேன். மூக்கு எரிந்தது.
ரப்பர் கம்பால் குத்தினேன்.
ஒவ்வொரு குத்துக்கும் பேங்க் மேனேஜரின்
"கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்" காதில் கேட்டது.
மறுநாள் பள்ளிக்கூடம் திறக்குமுன்பே போய்
ஸ்டாஃப் கழிப்பறைக்கு நேராக நடந்தேன்.
"என்ன டீச்சர் இவ்வளவு சீக்கிரம்?"
வாட்ச்மேனிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்றேன்.

ஜெகபர் வந்தார்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கோப்பைக்குள் பார்த்தார்.
இருபதடி வளைகம்பி விட்டார்,
அது எதிலும் முட்டாமல் போய்வந்தது.
"அடைப்பு இல்லீங்க."
"பின்னே?"
பதில் சொல்லாமல் பின்பக்கம் போய்
உறிஞ்சுகுழி மூடியைக் கடப்பாரையால் நெம்பினார்.
கழுத்து வரை தண்ணீர்.
செங்கல் துண்டால் உறையில் ஒரு கோடு கிழித்துவிட்டு
டீ கேட்டார்.
டீ முடிந்து பார்த்தபோது
வீட்டில் ஒரு குழாயும் திறக்காமலே
கோடு ஒரு விரற்கடை முழுகியிருந்தது.

"எப்பலேருந்து நிக்குது?"
"வியாழக்கிழமை."
"மூணாறு தலைப்புல புதன்கிழமை திறந்தாங்க."

கொல்லை மதிலில் எக்கிப் பார்த்தேன்.
சித்திரையில் வீடு பார்க்க வந்தபோது
கோரைப்புல் காய்ந்த பள்ளம் அது.
மழைநீர் வடிகால் என்றார் புரோக்கர்.
இப்போது நிறைந்து ஓடுகிறது வாய்க்கால்,
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாக.
எதிர்க்கரையில் வீராச்சாமி மடை வெட்டிக்கொண்டிருந்தார்.
இரண்டு வருஷம் கழித்து அவருக்குக் குறுவை.
"வந்துருச்சு பாத்தீங்களா!"
மண்வெட்டியை உயர்த்திக் காட்டினார்.
பார்த்தேன் ஐயா.
என் கோப்பை வரைக்கும் வந்துவிட்டது.

இரவு தாய்ப்பத்திரத்தை எடுத்தேன்.
வக்கீல் விரல் வைத்த இடங்களைத் தவிர
வேறெதுவும் படித்ததில்லை.
நாலெல்லை சொல்லும் வரியில்
வடக்கே வாய்க்கால் என்று இருக்கிறது.
நடுவில் என் படுக்கையறை, நஞ்சை.
மனைப்பிரிவுக்கு அப்ரூவல் ஆன செய்தியைத்
தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லை.

ஜெகபர் சிமென்ட் பை அட்டையில் கணக்குப் போட்டார்.
கோப்பையை ஒன்றரை அடி தூக்க வேண்டும்,
குழியைத் தெருப்பக்கம் மேடாக்கி மாற்ற வேண்டும்,
இருபத்தெட்டாயிரம்.
"இல்லேன்னா தை மாசம் வரைக்கும் பொறுங்க.
ஆத்தை அடைச்சதும் தானா வடிஞ்சுடும்."
தை வரைக்கும்.
நகையில் ஒன்று குறைந்தது.

பேப்பரில் ராசிபலனுக்கு முன்பு
மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிறேன் இப்போது.
தொண்ணூற்றேழு அடி.
ஏறினால் சந்தோஷமா வருத்தமா என்று
இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

கோப்பை மேடைக்குப் போய்விட்டது, மூன்று படி.
ஏறி உட்கார்ந்தால்
வென்டிலேட்டர் வழியே
வீராச்சாமியின் நாற்றங்கால் தெரிகிறது,
அப்படி ஒரு பச்சை.
அவருக்கும் நான் தெரிவேனோ என்று
பழைய காலண்டர் அட்டையை வெட்டி மறைத்தேன்.
கீழ்ப்பாதியை மட்டும்.